நேப்பிள்ஸில் ஒரு நாள் மிச்சமிருந்தால்: பொட்சுவோலியிலிருந்து மிசேனோ வரை

கேள்வி சுருக்கமாக இது: நேப்பிள்ஸில் ஒரு நாள் உபரியாகக் கையில் இருக்கிறது. பாம்பெய் பார்த்தாயிற்று. ரோமானிய இடிபாடுகளும் கடலோர ஊர்களும் சேர்ந்தாற்போல் பார்க்க வேண்டும். கார் கிடையாது. கூட அறுபத்தைந்து வயது அம்மா வருகிறார். முடியுமா?

முடியும். கேட்கிற எல்லோரும் உங்களை அமால்ஃபி பக்கம் அனுப்பப் பார்ப்பார்கள். அழகான கடற்கரைதான், மறுக்கவில்லை. ஆனால் வளைந்து வளைந்து போகும் அந்த மலைச்சாலையில் பேருந்துக்கு வரிசை, பேருந்துக்குள் நெரிசல் என்று பாதி நாள் கழிந்துவிடும். ரோமானிய இடிபாடு என்று பார்த்தால் அங்கே ஒன்றிரண்டு மாளிகைகளின் மிச்சம்தான். நீங்கள் நேர் எதிர்த்திசையில், மேற்கே போங்கள். பொட்சுவோலி, பாயா, பாக்கொலி, மிசேனோ. எல்லாம் ஒரே வளைகுடாவைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர்கள். நான் நேப்பிள்ஸில் இருந்த காலத்தில் ஊரிலிருந்து யார் வந்தாலும், பாம்பெய்க்கு அவர்களைத் தனியாக அனுப்பிவிட்டு இங்கே மட்டும் கூடவே போவேன்.

போவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனால் அங்கே பார்ப்பது எல்லாம் வெறும் செங்கல் குவியல். இந்த வட்டாரத்துக்குப் பெயர் காம்பி ஃப்ளெக்ரெய், 'எரியும் வயல்கள்'. எரிமலை என்றதும் நாம் வெசூவியஸ் மாதிரி ஒரு கூம்பைத் தேடுவோம். இங்கே கூம்பு கிடையாது. பல கிலோமீட்டர் அகலத்துக்கு உள்வாங்கிக் கிடக்கும் ஒரு பள்ளம்தான் எரிமலை. பாதி நிலத்திலும் பாதி கடலுக்கடியிலும் இருக்கிறது. அதற்குள்தான் ஊர்கள், பள்ளிக்கூடங்கள், மீன் சந்தை எல்லாம். புளித்த மாவு பாத்திரத்து மூடியைத் தூக்குவது போல, அடியிலிருந்து வரும் அழுத்தம் இந்த நிலத்தைத் தூக்கும். அப்புறம் விட்டுவிடும், மெல்ல அமுங்கும். ரோமானியர் கடலோரத்தில் கட்டியதில் ஒரு பகுதி இன்று கரையில் நிற்பதற்கும், ஒரு பகுதி தண்ணீருக்கடியில் கிடப்பதற்கும் இதுதான் காரணம்.

காலையில் நேப்பிள்ஸிலிருந்து மெட்ரோ 2-ஆம் தடத்தில் ஏறி 'பொட்சுவோலி சொல்ஃபதாரா' நிலையத்தில் இறங்குங்கள். குமானா என்ற சிறு ரயிலும் பொட்சுவோலிக்கு வருகிறது. ஆனால் அது கடல் மட்டத்தில் கொண்டுவந்து விடும், மெட்ரோ நிலையமோ மேட்டில் இருக்கிறது. மேட்டில் இறங்கினால் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தபடியே சரிவில் நடந்து துறைமுகத்துக்கு வந்துவிடலாம். அம்மாவின் முழங்கால் உங்களை வாழ்த்தும். நிலையத்தின் பெயரில் இருக்கும் சொல்ஃபதாரா, கந்தகப் புகை கக்கும் எரிமலை வாய். 2017-இல் அங்கே ஒரு குடும்பத்தில் மூன்று பேர் குழியில் விழுந்து இறந்ததிலிருந்து மூடிக் கிடக்கிறது. அதை நம்பிப் போக வேண்டாம்.

இறங்கிச் சில நிமிட நடையில் ஃப்ளேவியன் ஆம்பிதியேட்டர். நீளம் 149 மீட்டர், அகலம் 116 மீட்டர். இத்தாலியில் ரோம் கொலோசியத்துக்கும் கபுவாவுக்கும் அடுத்த பெரிய அரங்கு. ரோமானியப் பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் கட்டி முடித்தது. பொட்சுவோலி நகரம் 'சொந்தப் பணத்தில்' கட்டியதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறார்கள். கும்பாபிஷேகக் கல்வெட்டில் உபயதாரர் பெயர் போடுவது நமக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை. மேலே இருக்கைகளில் பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை, நிலவறைதான் விசேஷம். விலங்குக் கூண்டுகளை மேலே ஏற்றிவிடும் சதுரத் துவாரங்கள் கூரையில் வரிசையாகத் திறந்திருக்க, அவற்றின் வழியே வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் விழுந்திருக்கும். அடியில் உடைந்த தூண்கள் உருண்டு கிடக்கும். கொலோசியத்தில் இந்தப் பகுதியை மேலிருந்து எட்டித்தான் பெரும்பாலோர் பார்க்கிறார்கள். இங்கே உள்ளேயே நடக்கலாம். நிலநடுக்கத்துக்குப் பிறகு நிலவறை மூடியிருக்கலாம் என்பதால் முதல் நாளே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் வார விடுமுறை நாளும் மாறும்.

அப்படியே கீழே இறங்கினால் தெருவுக்கு நடுவே, கம்பி வேலி போட்ட பெரிய பள்ளம் ஒன்று வரும். அதற்குள் மூன்று உயரமான தூண்கள் நிற்கும். சுற்றுலாப் பயணிகள் வேலியில் சாய்ந்து ஒரு படம் எடுத்துவிட்டு நகர்வார்கள். நீங்கள் நகராதீர்கள். இந்த நாள் முழுவதற்கும் சாவி இந்த மூன்று தூண்கள்தான், டிக்கெட்டும் கிடையாது.

1750-இல் தோண்டியபோது செராபிஸ் என்ற எகிப்தியத் தெய்வத்தின் சிலை கிடைத்ததால் இதைக் கோயில் என்று நினைத்து 'செராபிஸ் கோயில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் இது ஊர்ச் சந்தை. தூண்கள் சுமார் 12 மீட்டர் உயரம், சிப்பொல்லினோ என்ற பச்சைக் கோடு ஓடிய சலவைக்கல். சிப்பொல்லினோ என்றால் சின்ன வெங்காயம். குறுக்கே நறுக்கிய வெங்காயம் போலவே அடுக்கடுக்காகக் கோடு தெரியும். இப்போது அடியிலிருந்து கண்ணை மேலே கொண்டுபோங்கள். முதல் மூன்றரை மீட்டர் வழவழவென்று இருக்கும். அதற்கு மேலே இரண்டரை மீட்டருக்குச் சற்று கூடுதலாக, தூணைச் சுற்றி இடுப்புப் பட்டை கட்டியது போல ஒரு கறுத்த பகுதி. முழுக்கப் பொத்தல். அதற்கு மேலே மறுபடி வழவழப்பு.

அந்தப் பொத்தல் கல்லைத் துளைத்து உள்ளே குடியிருக்கும் ஒரு கடற்சிப்பி செய்த வேலை. தூண் நிற்கும்போதே நிலம் கடலுக்குள் இறங்கியிருக்கிறது. அடிப்பகுதி மண்ணில் புதைந்து தப்பியது, தண்ணீரில் நின்ற பகுதியைச் சிப்பி துளைத்தது, மேலே காற்றில் நின்றது பிழைத்தது. பிறகு நிலம் மேலே வந்து தூண்களையும் வெளியே கொண்டுவந்துவிட்டது. இவ்வளவு நடந்தும் மூன்றும் சாயாமல் நிற்கின்றன. பூமியின் மேற்பரப்பு மெல்ல மெல்ல ஏறி இறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது என்றுதான் நிலவியலாளர் சார்ல்ஸ் லயல் 1830-இல் வெளியிட்ட தன் நிலவியல் நூலின் முகப்புப் படமாக இந்தத் தூண்களையே போட்டார்.

'அது அந்தக் காலம்' என்று நினைத்துவிடாதீர்கள். 1538-இல் ஒரு வாரத்தில், மேற்கே கொஞ்ச தூரத்தில், ஒரு கிராமத்தை விழுங்கிக்கொண்டு புது மலையே முளைத்தது. பெயரும் 'புது மலை' என்பதுதான், மோன்தே நுவோவோ. 1970 மார்ச்சில் ரியோனே தெர்ரா என்ற பழைய குன்றுப் பகுதியிலிருந்து சுமார் 3,000 பேரை ஒரேயடியாக வெளியேற்றினார்கள். 1982 முதல் 1984 வரை நிலம் 1.8 மீட்டர் உயர்ந்தது, 40,000 பேர் வீடு மாற வேண்டியதாயிற்று. 2005 முதல் மறுபடியும் ஏறிக்கொண்டிருக்கிறது, இதுவரை ஒரு மீட்டருக்கும் மேல். துறைமுகத்தின் உள்பக்கச் சின்ன மீன்பிடித் துறையைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வற்றவில்லை, தரைதான் எழும்பிவிட்டது. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும்.

அதனால் நிலநடுக்கமும் உண்டு. 2024 மே மாதம் 4.4, 2025-இல் 4.6 அளவுக்கு வந்தது. சின்ன அதிர்வுகள் அன்றாட விஷயம். இத்தாலிய அரசு 2012 முதல் இங்கே 'மஞ்சள்' எச்சரிக்கை நிலையை வைத்திருக்கிறது. பயப்படுகிற சுபாவம் என்றால் அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அதிர்வுக்குப் பிறகு தண்டவாளத்தைச் சோதிக்க ரயிலை நிறுத்துவார்கள். எனவே அன்றைக்கே இரவு விமானம் என்றால் இந்தப் பயணம் வேண்டாம்.

பக்கத்திலேயே ரியோனே தெர்ரா. குன்றின் மேல் ஒரு பேராலயம். 1964-இல் தீப்பிடித்து எரிந்தபோது பூச்சு உதிர, உள்ளேயிருந்து அகஸ்டஸ் காலத்துக் கோயிலின் சலவைக்கல் தூண்கள் எட்டிப் பார்த்தன. இப்போது தூண்களுக்கு இடையே கண்ணாடி போட்டு, இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி புதுப்பித்திருக்கிறார்கள். அடியில் ரோமானியத் தெருக்களும் கடைகளும் இருக்கின்றன, அதற்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் ஆலயம் மட்டும் போதும்.

ஆலயத்துக்கு வெளியே வந்து துறைமுகத்தைப் பார்த்து நில்லுங்கள். தமிழ் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் படித்தவர்களுக்கு 'புத்தேயோலி' என்ற பெயர் நினைவிருக்கும். ரோமுக்குக் கைதியாகப் போன பவுல் அலெக்சாந்திரியாக் கப்பலில் வந்து இறங்கி ஏழு நாள் தங்கிய பட்டணம் இதுதான். எகிப்துத் தானியக் கப்பல்கள் வந்த துறை. கீழ்த்திசைச் சரக்கும் அலெக்சாந்திரியா வழியாக இங்கேதான் இறங்கியது. அரபு வணிகர்களான நபாத்தியர்கள் இங்கே கோயிலே கட்டியிருந்தார்கள், அதன் பலிபீடங்கள் இரண்டு 2023-இல் கடலுக்கடியில் கிடைத்தன.

நமக்கு நெருக்கமான கதையும் ஒன்று உண்டு. இந்த ஊரின் வணிகக் குடும்பங்களில் ஒன்று அன்னியஸ் குடும்பம். அன்னியஸ் ப்ளோகாமுஸ் என்பவர் செங்கடல் சுங்க வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவன் அரேபியக் கடலோரமாகப் போகும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் தப்ரொபேனில், அதாவது இலங்கையில், கரையேறினான் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். அரசன் அவனை ஆறு மாதம் வைத்து உபசரித்தானாம். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளில் முகங்கள் வேறு வேறாக இருந்தும் எடை எல்லாம் ஒன்றாக இருந்ததைப் பார்த்து அசந்துபோய், ரோமுக்கு நான்கு தூதர்களை அனுப்பினானாம். கதையில் எவ்வளவு உப்பு காரம் சேர்த்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் குடும்பம் பொய்யில்லை. ப்ளோகாமுஸின் இன்னொரு வேலைக்காரன் கி.பி. 6-இல் எகிப்துப் பாலைவனத்தில், செங்கடலுக்குப் போகும் வழியில் ஒரு பாறையில் தன் பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறான். பிளினியை மறக்க வேண்டாம், சாயங்காலம் மறுபடி வருவார்.

துறைமுகத்தை விடுமுன் கரைக்கல்லையும் ஒரு பார்வை பாருங்கள். இந்த ஊர் எரிமலை மண்ணைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கடியிலும் இறுகும் என்று ரோமானியர் கண்டுபிடித்தார்கள். ஊர்ப் பெயரிலிருந்து மண்ணுக்கு 'பொசொலானா' என்று பெயர் வந்தது. நம் ஊரில் வீடு கட்டியவர்கள் பி.பி.சி. சிமென்ட் மூட்டை வாங்கியிருப்பார்கள் அல்லவா? போர்ட்லண்ட் பொசொலானா சிமென்ட். நடுவில் இருக்கும் அந்த 'பி' இந்த ஊர்தான். இப்போது அதில் கலப்பது அனல்மின் நிலையச் சாம்பல், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மதியச் சாப்பாடு இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் காகிதக் கூம்பில் சுடச்சுடப் போட்டுத் தரும் பொரித்த சின்ன மீனும் கணவாயும் போதும். அம்மா சைவம் என்றால் 'மரினாரா' பிட்சா கேளுங்கள். பெயரைக் கேட்டால் கடல் சமாச்சாரம் போல இருக்கும், பயப்பட வேண்டாம். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். சீஸ்கூடக் கிடையாது.

அப்புறம் துறைமுகத்துக்குப் பக்கத்து நிலையத்தில் குமானா ரயில் ஏறி ஃபுசாரோவில் இறங்குங்கள். அங்கிருந்து பாயாவின் தொல்லியல் பூங்காவுக்கு ஒரு மேடு ஏறி நடக்க வேண்டும். அம்மாவுக்காக டாக்சி அல்லது உள்ளூர்ப் பேருந்து. பாயா அந்தக் காலத்து ரோமின் ஊட்டி, கொடைக்கானல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே கொஞ்சம் கெட்ட பெயரும். வெந்நீர் ஊற்று, கடல் காற்று, இரவெல்லாம் படகில் பாட்டும் கூத்தும். ரோமானியத் தத்துவஞானி செனெகா வந்த மறுநாளே கிளம்பிவிட்டதாக எழுதி, இது தீய பழக்கங்களின் விடுதி என்று திட்டியிருக்கிறார். பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 138-இல் இறந்தது இங்கேதான். இந்தப் பாயாவிலிருந்து எதிர்க்கரைப் பொட்சுவோலி வரைக்கும் கப்பல்களை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டு, காலிகுலா குதிரையில் போனதும் உண்டு. 'இவன் பேரரசன் ஆவதும் ஒன்று, பாயா வளைகுடாவைக் குதிரையில் கடப்பதும் ஒன்று' என்று ஒரு சோதிடர் சொன்னதற்குப் பதிலடியாம்.

மலைச்சரிவில் மாடி மாடியாக இடிபாடுகள். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் படியேறியே ஓய்ந்துபோவீர்கள். 'மெர்க்குரி கோயில்' என்ற இடத்துக்கு மட்டும் தவறாமல் போங்கள். இதுவும் கோயில் இல்லை, குளியல் கூடம். 21.5 மீட்டர் விட்டத்தில் ஒரு குவிமாடம், உச்சியில் வட்டமாகத் திறப்பு. ரோமின் பாந்தியன் குவிமாடத்தில் சரிபாதி அளவு, ஆனால் அதற்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது. கூடம் மண்ணாலும் நீராலும் நிரம்பிவிட்டதால், நாம் நிற்பது கிட்டத்தட்ட குவிமாடம் தொடங்கும் உயரத்தில். கீழே அசையாத பச்சைத் தண்ணீர், அதில் மேலே உள்ள வட்டத்தின் நிழல். மெல்லத் தொண்டையைச் செருமினாலே நான்கு பக்கமிருந்தும் திரும்பி வரும். நான் கூட்டிப் போன ஒரு பெரியவர் யாரும் இல்லாத நேரம் பார்த்து 'ஓம்' என்று இழுத்தார். அது அடங்க வெகுநேரமாயிற்று. பக்கத்துக் கூடம் ஒன்றில் கூரையிலிருந்து ஓர் அத்திமரம் தலைகீழாகத் தொங்கி வளர்கிறது. கிளை கீழே, வேர் மேலே. அதையும் பார்த்துவிடுங்கள்.

ஆனால் பாயாவின் பாதி கடலுக்கடியில்தான் இருக்கிறது. 2002 முதல் பாதுகாக்கப்பட்ட கடலடிப் பூங்கா. கீழே கண்ணாடி பதித்த படகு துறையிலிருந்து கிளம்பும், முன்பதிவு அவசியம். கடல் கலங்கியிருந்தால் வீண். அம்மாவுக்குப் படகுதான் சரி. சுவர்கள், தூண் அடிகள், சில சிலைகள் தெரியும். சிலைகள் நகல்கள். அசல், மேலே கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடல் சரியில்லை என்றால் படகை விட்டுவிட்டு அந்தக் கோட்டைக்குப் போங்கள். பேரரசர் கிளாடியஸ் காலத்து விருந்துக் கூடத்தை அசல் சிலைகளோடு மறுபடி அமைத்திருக்கிறார்கள்.

நீந்தத் தெரிந்தால் நீங்கள் மட்டும் முகமூடி போட்டு வழிகாட்டியோடு இறங்கலாம். சில இடங்களில் ஆழம் ஐந்து மீட்டர்தான். நான் இறங்கிய நாளில் முதலில் மணலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். வழிகாட்டி கீழே போய் உள்ளங்கையால் விசிறுவது போலத் தண்ணீரை அசைத்தார். மணல் புகை போல எழும்பி ஒதுங்க, கறுப்பு வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. யாரோ வீட்டுக் கூடத்துத் தரை. இரண்டு நிமிடம் பார்க்கவிட்டுத் திரும்ப மணலை இழுத்து மூடிவிட்டார். மூடி வைத்தால்தான் மொசைக் பிழைக்கும்.

அடுத்து பாக்கொலி. பேருந்தில் சில நிமிடம். கரையில் 'அக்ரிப்பினா கல்லறை' என்று ஒரு இடிபாட்டைக் காட்டுவார்கள். நீரோ தன் தாயை உடைந்து மூழ்கும் படகில் ஏற்றிக் கொல்லப் பார்த்ததும், அவர் நீந்திக் கரையேறியதும், பின் ஆள் விட்டுக் கொன்றதும் கி.பி. 59-இல் இந்தக் கரையோரத்தில்தான். ஆனால் அந்த இடிபாடு கல்லறை அல்ல, ஒரு பழைய சிறு அரங்கின் மிச்சம். நிற்காமல் மேலே போங்கள்.

பார்க்க வேண்டியது பிசீனா மிராபிலிஸ். தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். ஆனால் எப்பேர்ப்பட்ட தொட்டி. சுமார் 70 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரம், 48 தூண்கள். 12,600 கன மீட்டர் கொள்ளளவு. கோடையில் சென்னையில் நாம் காத்துக்கிடக்கும் 12,000 லிட்டர் லாரியில் ஆயிரத்து ஐம்பது லாரித் தண்ணீர். செரினோ மலை ஊற்றிலிருந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் வாய்க்காலில் ஓடிவந்து இங்கே முடிந்தது. மூலைகளைக் கூராக விடாமல் வளைத்துப் பூசியிருக்கிறார்கள், அழுக்கு தங்காதிருக்க. நடுவில் வண்டல் சேர்வதற்கென்று ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தனிப் பள்ளம். வீட்டுச் சம்ப் கட்டும் மேஸ்திரி யாரையாவது கூட்டிப்போனால் முதலில் அந்தப் பள்ளத்தைத்தான் பார்த்துத் தலையாட்டுவார். இதற்கும் முன்பதிவு வேண்டும். படி அதிகம், அம்மா மேலேயே நின்று பார்த்தாலும் குறையில்லை.

இந்தத் தண்ணீர் மிசேனோவில் நின்ற ரோமானியக் கடற்படைக்கு என்பது வழக்கமான விளக்கம். மிசேனோ தொட்டடுத்து, முனையில். அந்தக் கடற்படையின் தலைவராகத்தான் மூத்த பிளினி இருந்தார், காலையில் சொன்ன இலங்கைக் கதையை எழுதிய அதே ஆள். கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்து, வளைகுடாவுக்கு அந்தப்பக்கம் குடை விரித்த பைன் மரம் போல மேகம் எழுந்ததை இங்கிருந்துதான் பார்த்தார். கப்பலைக் கிளப்பிக்கொண்டு போனார், திரும்பவில்லை. படிக்க வேண்டியது இருக்கிறது என்று கூடப் போகாமல் இருந்துவிட்ட பதினேழு வயது சகோதரி மகன்தான் நடந்ததைப் பின்னால் கடிதமாக எழுதினார். கடற்கரையில் நின்றால் வெசூவியஸ் கிழக்கே தெரியும். இங்கே அம்மா மணலில் உட்காரட்டும், நீங்கள் காலை நனையுங்கள்.

இதே வட்டாரத்தில் இருக்கும் கூமா என்ற பழைய நகரத்தை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அது பெரிய இடம், கிரேக்கருடையது, இதே நாளில் திணித்தால் இரண்டும் கெடும்.

திரும்பும்போது பாக்கொலியிலிருந்து பேருந்தோ டாக்சியோ பிடித்து, குமானா தடத்தின் கடைசி நிலையமான தோர்ரெகாவெத்தாவுக்கு வந்துவிடுங்கள். கடைசி நிலையம் என்பதால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும். நிலையத்தை ஒட்டியே கடல், எதிரே புரோச்சிதா தீவு, பின்னால் இஸ்கியா. முனையில் கொஞ்சம் செங்கல் சுவர் நிற்கும். வாத்தியா என்ற பணக்காரரின் மாளிகை. ஊர் வம்பு எதிலும் தலையிடாமல் இங்கேயே ஒதுங்கி வாழ்ந்தவர். அவர் உயிரோடு இருக்கும்போதே அந்த வழியாகப் போகும் போதெல்லாம் 'இங்கே அடக்கமாயிருப்பவர் வாத்தியா' என்று சொல்லிச் சிரிப்பேன் என்று செனெகா எழுதியிருக்கிறார். சூரியன் தீவுக்குப் பின்னால் இறங்கியதும் அடுத்த ரயிலில் ஏறிவிடுங்கள், இரவுச் சாப்பாட்டுக்கு நேப்பிள்ஸ் போய்விடலாம்.